ரூபாய்க்குப் பதினஞ்சு பைசா

பாத்து உக்காருங்க தம்பி. அந்தப் பைய மடியிலயே வெச்சுக்கங்க, மேல வெச்சா சிங்காநல்லூர்த் திருப்பத்துல பஸ்ஸு சாயறப்ப யாரு தலைமேலயாச்சும் விழுந்துரும். எம் பை விழுந்தா ஒண்ணும் இல்லீங்க, அத்தனையும் கல்யாணப் பத்திரிகை. எம் பொண்ணு சிந்துஜாவுக்கு. முன்னூறு அடிச்சேன். மொதப் பத்திரிகையே இன்னும் வெக்கல. அதுக்குத்தான் போறேன். ஆசைப்பட்டு ஒண்ணும் போகல. அங்க எனக்குப் பேச்சுவார்த்தை நின்னு நாலு மாசமாச்சு.

ஒறம்பரையா, சொந்தக்காரங்களான்னு கேக்கறீங்களா? இல்லீங்க. பிள்ளையாரு.

சிரிக்காதீங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, நாயமா அநாயமான்னு. உங்களப் பாத்தா படிச்ச ஆளாத் தெரியுது. நீங்க சொன்னா ஏத்துக்குவேன். எங்கூட்டுக்காரி கோகிலா சொன்னா ஏத்துக்க மாட்டேன், அவ அந்தப் பக்கம் சாஞ்சுட்டா.

நான் சென்னியப்பன். சூலூரு தாண்டி செங்கதிர் பம்ப்ஸ்னு ஒரு கம்பெனி. அங்க கணக்குப் பாக்கறதுல ஆரம்பிச்சு ஜெனரல் மேனேஜர் வரைக்கும், மொத்தம் இருபத்தாறு வருசம். எங்க பெரிய முதலாளி பேங்கு வாசப்படி மிதிக்காத மனுசன். கேட்டுக்கு மேல பெருசா எழுதி வெச்சிருந்தாரு, ‘கடனில்லாத கம்பெனி’ன்னு. பேங்குல கடன் இல்ல, அது நெசம். ஆனா இரும்பு உருக்கிக் காஸ்டிங் போடறவருக்குப் பாக்கி, பெயிண்ட் கடைக்குப் பாக்கி, அட்டப்பெட்டி அடிக்கறவருக்குப் பாக்கி, கேண்டீன் நடத்தற மயிலாத்தாளுக்குப் பாக்கி. அதெல்லாம் கடன்ல சேத்தி இல்லைம்பாரு. பாக்கி வேற, கடன் வேறயாம்.

அவரு போய்ச் சேந்தாருங்க, மகன் வந்தாரு. வந்தவரு சீனாவுல இருந்து நாப்பதாயிரம் மோட்டாரு எறக்குனாரு. வெல கொறச்சல். மாட்டிப் பாத்தா, தண்ணிய மேல தூக்காம கீழ தள்ளுது. எல்லாம் தலகீழாச் சுத்துது தம்பி. ஒரு விவசாயி கெணத்துல மாட்டி, தொட்டியில இருந்த தண்ணியும் கெணத்துக்குள்ள போயிருச்சுன்னு வந்து அழுதாரு. ஒரே வருசத்துல கம்பெனி நொடிச்சுப் போச்சு. மகன் துபாய் போயிட்டாரு. அந்தப் போர்டு மட்டும் அப்படியே இருந்துச்சு.

மெட்ராஸ்ல இருந்து கோர்ட்டுல ஒரு ஆபீசரை அனுப்புனாங்க. நல்ல மனுசன், வெயிலுக்குத் தலையில துண்டு போட்டுக்குவாரு. அவருதான் சட்டத்த வெளக்குனாரு. கம்பெனி நொடிச்சா, பணம் வரவேண்டியவங்க எல்லாரும் கூடி உக்காந்து முடிவு பண்ணோணும். யாருக்கு எவ்வளவு பாக்கியோ அதுக்குத் தக்கன ஓட்டு. இன்னொரு கம்பெனிக்குக் கைமாத்தி விடலாமா, இல்ல ஒடச்சு எடைக்குப் போடலாமான்னு. மத்த எடத்துல பேங்குக்காரங்க கோட்டு சூட்டோட வந்து உக்காருவாங்க. எங்களுக்குத்தான் பேங்கே கெடையாதே. அதனால பெயிண்டுக் கடைக்காரரும் மயிலாத்தாளும் உக்காந்தாங்க. அந்தம்மா எல்லாத்துக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு உக்காந்துச்சு.

அப்பறம் பிள்ளையாரு.

ஆமாங்க, அவருந்தான். கேட்டுக்குப் பக்கத்துல, செக்யூரிட்டி ரூமை ஒட்டி, சின்னதா ஒரு கோயில். கும்பாபிசேகத்துக்குன்னு ஆளுங்க சம்பளத்துல மாசம் இருவது ரூவா புடிச்சோம். பதினாலு வருசம் புடிச்சோம். அந்தப் பணத்த நாந்தானுங்க கம்பெனிக் கணக்குல போட்டு வெச்சேன், பத்தரமா இருக்கட்டும்னு. சீனா மோட்டாருக்கு அதுவும் போயிருச்சு. ஆபீசரு சொன்னாரு, சாமிக்கும் சட்டத்துல ஆள் மாதிரி உரிமை உண்டு, பாக்கி கேக்கலாம்னு. ஒரு பாரத்தக் குடுத்தாரு. பேரு, பிள்ளையார். தகப்பனார் பேரு, பரமசிவன். வெலாசம், மெயின் கேட்டு. மயிலாத்தாதான் அவருக்குப் பூக்கட்டறது, அதனால அந்தம்மாவே சாமி சார்புல கைநாட்டு வெச்சுது. தன்னோட கேண்டீன் பாரத்துல கையெழுத்துப் போட்டுச்சுங்க, சாமி பாரத்துல மட்டும் கைநாட்டு. ஏன் ஆத்தான்னு கேட்டதுக்கு, அவருக்குத் தும்பிக்கைதானுங்களே, பேனா புடிக்க மாட்டாருங்கன்னு சொல்லுச்சு.

இப்ப எங்கதைக்கு வர்றேன்.

புனேயில இருந்து ஒரு கம்பெனிக்காரரு ரகசியமா வந்தாரு. ரோட்டு மேல எடம், நானூறு ஆளு, நல்ல மெசினு. சுத்திப் பாத்துட்டு, எங்கூட உக்காந்து சாப்புட்டாரு. சாப்பாடு நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ரசத்துக்கு வரும்போது சொன்னாரு, ‘நான் எடுத்துக்கறேன், பாக்கி இருக்கற எல்லாருக்கும் ரூபாய்க்கு எம்பது பைசா குடுத்துர்றேன், அடுத்த மாசம் எழுதிக் குடுக்கறேன், அதுவரைக்கும் வெளிய சொல்லாதீங்க’ன்னு. நான் சொல்லலீங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த வார்த்தையக் காப்பாத்தியிருக்கேன். ஒருத்தருகிட்ட மூச்சு விட்டிருப்பனா? கேட்டுப் பாருங்க.

அடுத்த நாளு காலையில நேரா அட்டப்பெட்டிக்காரரு ஊட்டுக்குப் போனேன். மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத்தான் போனேன். கம்பெனி நொடிச்சுக் கெடக்குது, சிரிச்சுட்டா போவாங்க? ‘என்ன வரும்னு யாருக்குங்க தெரியும், வந்தா வரும், வராட்டி இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு, ரூபாய்க்குப் பதினஞ்சு பைசா கையில குடுத்து உங்க பாக்கியத் தாம் பேருக்கு வாங்கிக்கறங்கறாரு’ன்னேன். இதுல பொய் எங்கங்க இருக்குது? நாளைக்கு நடக்கறது யாருக்குத் தெரியும்? அந்த மனுசன் எங்கையப் புடிச்சுட்டு அழுதுட்டாருங்க. இந்த நேரத்துல தேடி வந்து ஒதவுறீங்களேன்னு. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. ஒதவி பண்றதுல ஒரு சந்தோசம் இருக்குது பாருங்க, அது பண்ணுனவனுக்குத்தான் தெரியும்.

இப்படி முப்பத்தேழு பேருங்க. ஒவ்வொருத்தருக்கும் பழுப்புக் கவருல பணம் வெச்சு, பின்னு அடிச்சு, மேல பேரெழுதி, ‘முழுத் தொகையும் சந்தோசமாகப் பெற்றுக்கொண்டேன்’னு நானே எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்குவேன். மயிலாத்தாகிட்டயுந்தான். கேண்டீன் பாக்கி ஒண்ணே முக்கா லச்சத்துக்கு, இருவத்தாறாயிரத்துச் சொச்சம். அந்தம்மா கவர வாங்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துச்சு. ‘சாருங்க, நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?’ன்னு கேட்டுச்சு. எம்மேல அவ்வளவு அக்கறைன்னு நெனச்சுக்கிட்டேன்.

பணம் எங்கிருந்தா? கோகிலாவோட நகை, சிந்துஜா கல்யாணத்துக்குச் சேத்து வெச்ச நகை, எல்லாத்தையும் கொண்டு போயி அடகு வெச்சேன். மொத்தம் இருவத்தியோரு லச்சம். வந்தா ஒரு கோடியப் புடிக்கும்.

ஆனா எம் பேருல வாங்க முடியாதுங்க. கம்பெனி ஆளும், அவனோட ஒறம்பரையும் இப்படிப் பாக்கிய வாங்கி ஓட்டுப் போட்டா செல்லாதுன்னு ஆபீசரு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. உள் வெசயம் தெரிஞ்சவன் தெரியாதவன ஏமாத்திருவானாம். நல்ல சட்டந்தான். அந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்கல்ல. நான் என்ன பண்ணுனன்னா, பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கற தங்கமுத்து பேருல வாங்குனேன். அவரு எங்க சம்மந்தி. அதாவது சம்மந்தி ஆகப்போறவரு. நிச்சயம் முடிஞ்சுது, தாலி ஏறல. தாலி ஏறாத வரைக்கும் அவரு சட்டப்படி எனக்கு யாருமே இல்லீங்க. அதனால கல்யாணத்தத் தள்ளி வெச்சேன். வைகாசி முகூர்த்தத்துக்கு எனக்கு முதுகுவலின்னேன். ஆவணிக்கு மண்டபம் செரியில்லைன்னேன். சிந்துஜா சாப்புடாமக் கெடந்தா. மாப்பளைக்கு எம்மேல சந்தேகம் வந்துருச்சு, பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லையோன்னு. எல்லாம் அவளுக்காகத்தானுங்க. ஒரு கோடி வந்தா யாருக்கு? அவளுக்குத்தானே?

சம்மந்திக்கும் முழு வெவரம் சொல்லல. ‘உங்க பேரு ராசியான பேரு’ன்னு மட்டும் சொன்னேன். அவரு பயந்த சுபாவம், சாமி பக்தி சாஸ்தி. கோழிக்குத் தடுப்பூசி போடறதுக்குக் கூட நல்ல நேரம் பாப்பாரு.

எல்லாம் சரியாப் போச்சுங்க. ஓட்டு எண்ணிக்கைதான் இடிச்சுது. புனேக்காரங்களுக்குக் குடுக்கறதுன்னா நூத்துக்கு அறுவத்தாறு ஓட்டு வேணும். சம்மந்தி பேருல அறுவது. ஒரு இரும்புக் கடைக்காரருகிட்ட முப்பத்திரண்டு. அவரு எடைக்குப் போட்டே தீரோணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு, எடைக்கு எடுக்கறதே அவருதான. மிச்சம் எட்டு. அந்த எட்டும் பிள்ளையாருகிட்ட.

புரியுதுங்களா? பிள்ளையாரு எங்க பக்கம் வந்தா ஒரு கோடி. வராட்டி கம்பெனி இரும்புக் கடைக்கு. நானூறு பேரு தெருவுல, எங்கூட்டு நகை அடகுக் கடையில, எம் பொண்ணு கல்யாணம் அந்தரத்துல.

நீங்க கேப்பீங்க, ஓட்டுத்தானே, அந்தம்மாகிட்டக் கேட்டா சும்மாவே போட்டுட்டுப் போவாங்களேன்னு. கோகிலாவும் இதத்தான் கேட்டா. சும்மா வர்ற ஓட்டுல எனக்கு நம்பிக்கை இல்லீங்க. அதுவும் இல்லாம அந்தப் பிள்ளையாரு பாக்கியே வட்டியோட சேந்து பதினெட்டு லச்சத்துக்குக் கிட்ட இருக்குது. மத்த முப்பத்தேழு பேருக்கும் பண்ணுன ஒதவிய சாமிக்கு மட்டும் பண்ணாம வுட்டா நல்லாவா இருக்கும்?

மயிலாத்தாகிட்டக் கேட்டேன். ‘அது எம் பணம் இல்லீங்களே சார், சாமி பணம். பூக் கேட்டுப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்’னு சொல்லிருச்சு.

உங்க பக்கம் எப்படியோ தெரியல, எங்க பக்கம் ரெண்டு வாழயிலைத் துண்டுல வெள்ளரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு வெச்சுப் பொட்டலமாக் கட்டி, சாமி முன்னால போட்டு, ஒண்ண எடுக்கறது. வெள்ள வந்தா உத்தரவு. செவப்பு வந்தா இல்ல. கெணறு வெட்டறதுக்கும் கேப்போம், பொண்ணு குடுக்கறதுக்கும் கேப்போம்.

வெள்ளிக்கெழம காலையில, மொத சிப்டு உள்ள போறதுக்கு முன்னால வெச்சாங்க. அடுத்த நாளு பதினோரு மணிக்கு ஓட்டு. ஆளுங்க பூராவும் கேட்டுல நிக்கறாங்க. பாக்கிய வித்தவங்க பாதிப் பேரு வந்துட்டாங்க. ஆபீசரு தலையில துண்டோட நிக்கறாரு. சம்மந்தி குளிச்சுத் திருநீறு பூசிட்டு நிக்கறாரு. கோகிலாவும் வந்திருந்தா.

நான் கும்புட்டுக் கேட்டேன். ‘சாமி, உன்ர பாக்கிய ரூபாய்க்குப் பதினஞ்சு பைசான்னு தங்கமுத்து வாங்கிக்கட்டுமா?’

செவப்பு.

செரி, வெல கட்டலையாட்ட இருக்குதுன்னு இருவது பைசான்னேன். செவப்பு. இருவத்தஞ்சு. செவப்பு. முப்பதுன்னு சொல்லும்போது பின்னால அட்டப்பெட்டிக்காரரு கேக்கறாரு, ‘ஏனுங்க, எங்களுக்கெல்லாம் பதினஞ்சு, சாமிக்கு மட்டும் முப்பதுங்களா?’ன்னு. ‘சாமி காரியத்துல கணக்குப் பாக்காதீங்க’ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். முப்பத்தஞ்சு, செவப்பு. நாப்பது, செவப்பு. ஆறு தடவைங்க! ஆறு தடவையும் செவப்பு வருமா? எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. பொட்டலம் கட்டறது அந்தம்மாதான. ‘ரெண்டுலயும் செவப்ப வெச்சுட்டியா ஆத்தா? இன்னொண்ணையும் பிரி’ன்னேன். பிரிச்சுது. உள்ள வெள்ளப் பூவு, பளிச்சுனு இருக்குது. கூட்டம் பூராவும் என்னையப் பாத்துச்சு. எனக்குப் பொக்குனு போச்சு.

அந்தம்மா கோவப்படல. ‘நம்பிக்கை இல்லீன்னா நீங்களே கட்டுங்க சார்’னு பூக்கூடைய எம்பக்கம் நவத்துச்சு.

தம்பி, உங்களுக்குன்னு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லாத வெசயம். சொன்னாத்தான் உங்களுக்கு நாயம் புரியும். நான் கட்டுனேன். ரெண்டுலயும் வெள்ளப் பூவத்தான் வெச்சேன்.

தப்புத்தான். தப்புன்னு சொல்லலீங்க, அவசரம்னு சொல்றேன். நானூறு பேரு சோறு. எம் பொண்ணு. சாமியும் ஆறு தடவ ஏன் அடம் புடிக்கோணும்? நாப்பது பைசாங்கறது நல்ல வெல தம்பி. இப்பத்தான் வெள்ள வரப்போகுதேன்னு வெலையவும் பழையபடி பதினஞ்சுக்கே எறக்கிக் கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு வீணாக் குடுக்கோணும்?

அந்தம்மா ஒரு பொட்டலத்த எடுத்துப் பிரிச்சுது. வெள்ள. கூட்டத்துல ஒரே சத்தம். எனக்கு ஒடம்பெல்லாம் லேசாயிருச்சுங்க.

மிச்சப் பொட்டலத்த நான் எடுத்து ஜோப்புல போடறதுக்குள்ள அந்தம்மா கையில எடுத்துருச்சு. ‘சாருங்க, நீங்க ஏழு தடவ கேட்டீங்க. சாமி சார்புல நான் ஒரே ஒரு தடவ கேட்டுக்கறனுங்க. இந்தா இருக்கற இந்தப் பொட்டலத்துலயே கேட்டுக்கறேன்’னு சொல்லுச்சு.

கூட்டம் பூராவும் சிரிக்குது. ‘ஏ ஆத்தா, வெள்ளதான் வந்துருச்சே, அதுல செவப்புத்தான் இருக்கும், அதுல போயி என்னத்தக் கேப்ப?’ன்னு. அந்தம்மா காதுலயே வாங்கல. கண்ண மூடிட்டுச் சத்தமாக் கேக்குது. ‘சாமி, சாரு பதினஞ்சு பைசாதான் நாயமான வெலைங்கறாரு. அதே வெலைக்கு, பல்லடத்துக்காரரு வெச்சிருக்கற பாக்கி பூராவும் நீயே வாங்கிக்கறயா? செவப்பு வந்தா வேண்டாம். வெள்ள வந்தா நீ வாங்கிக்கோ.’

‘அதெல்லாம் முறையில்ல’ன்னு கத்துனேன். சம்மந்தி என் தோள்மேல கைய வெச்சு, ‘வுடுங்க, செவப்புத்தான வரப்போகுது, ஆத்தா ஆசைக்குக் கேட்டுட்டுப் போகட்டும்’னாரு. சொல்லிட்டுச் சும்மா இருக்கக் கூடாதுங்களா? கூட்டத்தப் பாத்து, ‘வெள்ள வந்தா இங்கயே கையெழுத்துப் போட்டுத் தந்தர்றேன், இது சாமி முன்னால சத்தியம்’னு சொல்லிட்டாரு. தமாசுக்குச் சொல்றாரு மனுசன்! அங்க இருக்கற அத்தன பேருக்கும் தெரியும் அது செவப்புன்னு. வெள்ளன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

சொல்லவா முடியும்? என்னன்னு சொல்லுவேன்?

பிரிச்சுது. வெள்ள.

தம்பி, அந்த நிமிசம் அங்க நீங்க இருந்திருக்கோணும். ஒருத்தன் கத்துனான், ‘செவப்பு வெள்ளையா மாறிருச்சுடோய்!’னு. அவ்வளவுதான். சம்மந்தி அப்படியே நெடுஞ்சாங்கெடையா விழுந்தாரு. ஆபீசரு தலையில இருந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. கோகிலா எம் பக்கத்துல நின்னு கன்னத்துல போட்டுக்கறா. ‘பாத்தீங்களா, உங்க கையால கட்டுன பொட்டலத்துல வந்துருக்குது, எவ்வளவு பெரிய பாக்கியம்’ங்கறா.

சம்மந்திய ஓரமாக் கூட்டிட்டுப் போயி, வேண்டாம், கையெழுத்துப் போடாதீங்கன்னு கெஞ்சுனேன். அவரு என்னைய ஒரு மாதிரிப் பாக்கறாரு. ‘பாக்கியெல்லாம் எம் பேருல தான இருக்குது, உங்களுக்கு என்னங்க?’ன்னு கேக்கறாரு. பக்கத்துல ஆபீசரு நிக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்? எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் யாரும் இல்லீங்கன்னுதான் சொன்னேன்.

பிள்ளையாருகிட்ட ஏது இருவத்தியோரு லச்சம்னு அப்பறந்தான் எனக்கு உறைச்சுது. அதுல ஒரு நம்பிக்கை. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பணம் கட்டாட்டிச் செல்லாதுன்னு நானே ஒரு சட்டத்தப் போட்டேன். நாலு மணிக்கெல்லாம் வந்துட்டாங்க தம்பி. முப்பத்தேழு பேரு. ஆளுக்கொரு பழுப்புக் கவரு. எங் கையெழுத்துல பேரு போட்ட அதே கவரு! செலவு பண்ணிட்டவங்க கைமாத்து வாங்கி ரொப்பிக் கொண்டுவந்துட்டாங்க. அத்தனையும் பிள்ளையாரு முன்னால குமிச்சாங்க. எம் பணத்துலயே எங்கிட்ட வாங்குனாங்க, பாத்துக்கங்க.

மறு நாளு பிள்ளையாரு அறுவத்தெட்டு ஓட்டையும் புனேக்காரங்களுக்குப் போட்டாரு. எம்பது பைசா வந்துச்சு. மயிலாத்தா அவங்கவங்க பாக்கிக்குத் தக்கன முப்பத்தேழு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துருச்சு. அட்டப்பெட்டிக்காரரு ஊட்டுக்கு மாடி எடுத்துட்டாரு. இப்பவும் என்னையப் பாத்தாக் கையெடுத்துக் கும்புடறாரு, உங்க கை ராசிங்க சாருன்னு.

என்னோட இருவத்தியோரு லச்சம் எனக்கு வந்துருச்சு, நகைய மீட்டுட்டேன். ஒரு பைசா நட்டம் இல்லியேங்கறா கோகிலா. நட்டம் இல்லியா! எம்பதுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல இருக்கற அறுவத்தஞ்சு யாருதுங்க?

எனக்குப் பணங்கூடப் பெருசு இல்ல தம்பி. முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல. பிள்ளையாருன்னா யாரு? எல்லாம் தெரிஞ்சவரு. நடந்தது, நடக்கறது, நடக்கப் போறது அத்தனையும் தெரியும். எம்பது பைசா வரப்போகுதுன்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, வாயத் தொறக்காமக் கல்லாட்ட உக்காந்துட்டு, பதினஞ்சு பைசாவுக்கு வாங்கலாமா? அதுவும் வெளியாளா? கம்பெனி கேட்டுக்குள்ள இருக்கறவரு. மாசாமாசம் அவருக்குப் பூவுக்கும் எண்ணைக்கும் கம்பெனிக் கணக்குலதான் படி. அப்ப அவரும் கம்பெனி ஆளுதானுங்களே? உள் வெசயம் தெரிஞ்ச ஆளு வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுல்ல? மெட்ராஸ் போயி ஒரு வக்கீலப் பாத்தேன். கேஸ் போடோணும், எதிராளி பிள்ளையாருன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தாளு, ‘சார், நீங்க சொல்றத எழுதிட்டு வர்றப்ப நடுவுல உங்க பேரும் வருதே’ன்னான். சின்னப் பையன், அனுபவம் பத்தாது.

மயிலாத்தாகிட்டயும் நேராவே கேட்டுட்டேன். ‘உனக்கு எப்படித் தெரியும், ரெண்டாவது பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு?’ன்னு. ‘எனக்கென்ன சாருங்க தெரியும்? கட்டுனது நீங்க’ன்னு சொல்லிட்டு உள்ள போயி ஒரு கவர எடுத்தாந்துச்சு. அதோட கேண்டீன் பாக்கிக்கு நான் குடுத்த கவரு. அன்னிக்குக் குமிச்சதுல அது இல்ல, அதோட பங்குக்கு வேற பணம் கட்டியிருக்குது. நான் அடிச்ச பின்னு அப்படியே இருக்குதுங்க. பிரிக்கவே இல்ல. ஏன் பிரிக்கலைன்னேன். ‘இது பத்தாதுன்னு உங்களுக்கே தெரியும்னு உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுதுங்க. எப்படியும் ஒரு நாளு மனசு மாறி வந்து கேப்பீங்க, அப்படியே திருப்பிக் குடுக்கலாம்னு வெச்சிருந்தனுங்க’ங்குது.

பாத்தீங்களா? அப்ப அதுக்கும் மொதல்லயே தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்திருக்குது. தெரிஞ்சவங்க சொல்லாம இருக்கறது மோசடி இல்லீங்களா? இத எந்தக் கோர்ட்டுல சொல்ல?

இப்ப கூத்து என்னன்னா, சம்மந்தி ஒரே பிடிவாதமா நிக்கறாரு. கல்யாணம் அந்தப் பிள்ளையாரு சன்னிதியிலதான், மொதப் பத்திரிகை அவருக்குத்தான், அதையும் நாந்தான் கொண்டு போயி வெக்கோணுமாம். பூவே நெறம் மாறுன கையாச்சே. இதுக்கு மேலயும் தள்ளிப்போட்டா சிந்துஜா என்னைய வுட்டுட்டே தாலி கட்டிக்குவா. அந்தா, கண்டக்டர் கத்தறாரு பாருங்க, ‘நெறம் மாத்துன பிள்ளையாரு எறங்கு’ன்னு. முன்னெல்லாம் ‘பம்ப் கம்பெனி’ன்னுதான் கத்துவாங்க. பஸ்ஸுல பாதிக் கூட்டம் எறங்கும், பாருங்க. வெள்ளிக்கெழமையானா கியூ ரோடு வரைக்கும் நிக்குது. நெசம் என்னன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், எனக்குத்தான் அங்க மாலை போடறாங்க.

என்ன தம்பி, நீங்களும் எந்திரிக்கறீங்க? நீங்களும் இங்கதானா? பைக்குள்ள பூவா? இத்தன நேரம் சொல்லியிருக்கக் கூடாதா! ரெண்டு கலரும் வாங்கிட்டே வந்துட்டீங்களா.

என்ன கேக்கறதுக்கு வந்தீங்க?

மில்லா? மூடி எத்தன மாசமாச்சு? அடப் பாவமே. பாக்கிச் சம்பளம் எவ்வளவு வரோணும்? உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? எல்லாருக்குமா. ஒருத்தன் வந்து ரூபாய்க்கு இருவது பைசா குடுத்து வாங்கிக்கறங்கறானா? யாரு அவன்? மேனேஜரோட மச்சினனா?

குடுத்துராதீங்க தம்பி. நல்ல வேளை எங்கிட்டச் சொன்னீங்க. எமகாதகனுங்க அவனுங்க. உள் வெசயம் ஏதோ தெரியாம வர மாட்டானுங்க.

எந்த மில்லுங்க அது? ரோட்டு மேல எடமா?

அப்படிங்களா.

பாத்து எறங்குங்க, கைய இப்படிக் குடுங்க. நான் இருவத்திரெண்டு பைசா தர்றனுங்க. ஒதவியா நெனச்சுக்கங்க. சாமிகிட்டத் தாராளமாக் கேக்கலாம், கேக்காம எதையும் செய்யக் கூடாது. அந்தப் பூவ இப்படிக் குடுங்க, நானே பொட்டலம் கட்டித் தர்றேன்.